தோட்டாப் பெயர்களும் வணிகச் சின்னத் தகராறுகளும்

தோட்டா என்பது பித்தளை உறை, அதன் அடியில் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாய்ப்பகுதியில் குண்டு ஆகிய நான்கும் சேர்ந்த ஒரு பொதி ஆகும். பேச்சுவழக்கில் தோட்டாவையும் குண்டையும் ஒன்றுபோலச் சொன்னாலும், குழலை விட்டு வெளியே பறப்பது குண்டு மட்டுமே. ஒவ்வொரு வகைத் தோட்டாவுக்கும் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர் தோட்டாவின் அடிப்புறத்தில் வட்டமாகப் பொறிக்கப்படும். துப்பாக்கியிலும் அதே பெயர் பொறிக்கப்படும். இரண்டும் ஒத்திருந்தால்தான் அந்தத் தோட்டாவை அந்தத் துப்பாக்கியில் போடலாம்.

வாங்குபவருக்கு இந்தப் பெயர் ஒரு பாதுகாப்புக் குறிப்பு. விற்பவருக்கோ அது விளம்பரம். வின்செஸ்டர், ரெமிங்டன், கோல்ட், ஸ்மித் அண்ட் வெஸன் என்று பல தோட்டாப் பெயர்களில் அவற்றை உருவாக்கிய நிறுவனத்தின் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு நிறுவனம் உருவாக்கிய தோட்டாவுக்கு ஏற்ற துப்பாக்கியை இன்னொரு நிறுவனம் செய்ய விரும்பினால், போட்டியாளரின் பெயரைத் தன் துப்பாக்கியின் மேலேயே பொறிக்க வேண்டிய நிலை வருகிறது. அந்தப் பெயர் வணிகச் சின்னமாக இருந்தால் அனுமதியும் கேட்க வேண்டும். தகராறு இங்கிருந்துதான் தொடங்குகிறது. இத்தகைய தகராறுகள் பெரும்பாலும் நீதிமன்றத் தீர்ப்பில் முடிவதில்லை. ஒரே தோட்டா இரண்டு மூன்று பெயர்களில் கடைக்கு வருவதில் முடிகின்றன.

எண் மட்டும் ஏன் போதாது

தோட்டாவின் பெயரில் உள்ள எண்ணை அளவு என்று நினைப்பது இயல்பு. ஆனால் அது துல்லியமான அளவு அல்ல. .38 ஸ்பெஷல் தோட்டாவின் குண்டு உண்மையில் 0.357 அங்குல விட்டம் உடையது. .270 வின்செஸ்டரின் குண்டு 0.277 அங்குலம். .300 வின்செஸ்டர் மேக்னம், .300 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம், .300 வெதர்பி மேக்னம், .300 சாவேஜ் ஆகிய நான்கும் சுடுவது 0.308 அங்குலக் குண்டைத்தான். ஆனால் உறையின் நீளமும் தோள்பகுதியின் சரிவும் நான்கிலும் வேறு வேறு. ஒன்றுக்கான துப்பாக்கியில் மற்றொன்றைப் போடக் கூடாது.

எனவே .300 என்பதற்குப் பின் வரும் ‘வெதர்பி’ என்ற சொல் வெறும் கம்பெனிப் பெயர் அன்று. அளவைச் சொல்லும் குறிப்பின் ஒரு பகுதி. அதை நீக்கிவிட்டால் தோட்டா எது என்றே தெரியாது. சோப்பு, பற்பசை போன்ற பொருள்களில் பெயரை மாற்றிவிட்டால் பொருளுக்கு ஒன்றும் ஆகாது. தோட்டாவில் பெயர் மாறினால் தவறான துப்பாக்கிக்குள் போகும் அபாயம் உண்டு. வணிகச் சின்னச் சட்டத்துக்கு இந்தப் பொருள் தொல்லை தருவதற்குக் காரணம் இதுவே.

எதிராளியின் பெயரைப் பொறிக்க மறுத்த காலம்

வின்செஸ்டர் நிறுவனம் 1895-இல் புகையற்ற வெடிமருந்து கொண்ட ஒரு வேட்டைத் தோட்டாவை வெளியிட்டு, அதற்கு .30 டபிள்யூ.சி.எஃப். என்று பெயர் வைத்தது. ‘வின்செஸ்டர் சென்டர் ஃபயர்’ என்பதன் சுருக்கம் அது. போட்டி நிறுவனமான மார்லின் தன் 1893 மாதிரி ரைஃபிளை இதே தோட்டாவுக்கு ஏற்பச் செய்தது. ஆனால் மார்லின் ரைஃபிளின் குழலில் வின்செஸ்டர் பெயரை எப்படிப் பொறிப்பது? மார்லினும் யூனியன் மெட்டாலிக் கார்ட்ரிட்ஜ் என்ற தோட்டா நிறுவனமும் அதை .30-30 என்று அழைத்தன. முதல் 30 குண்டின் விட்டத்தையும், இரண்டாவது 30 வெடிமருந்தின் எடையான 30 கிரெயினையும் குறித்தன. வெடிமருந்து வகைகள் மாறிவிட்டதால் இரண்டாவது எண்ணுக்கு இன்று பொருளில்லை. ஆனாலும் போட்டியாளர் வைத்த பெயரே நிலைத்தது. இன்று தரப் பட்டியலில் இதன் பெயர் .30-30 வின்செஸ்டர். எண்ணைக் கொடுத்தது எதிராளி, தோட்டாவைக் கொடுத்தது வின்செஸ்டர். பெயரில் இரண்டும் சமாதானமாகிவிட்டன.

இதற்கு முன்பே .44 டபிள்யூ.சி.எஃப். தோட்டாவும் இதே காரணத்தால் .44-40 ஆகியிருந்தது.

கோல்ட் நிறுவனத்தின் பிடிவாதம் இன்னும் சுவையானது. அதன் பரம எதிரி ஸ்மித் அண்ட் வெஸன். அந்நிறுவனத்தின் .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங் தோட்டாவைத் தன் ரிவால்வரில் பயன்படுத்த கோல்ட் விரும்பியது. ஆனால் பெயரைப் பொறிக்க விரும்பவில்லை. குண்டின் உருண்டை மூக்கைச் சற்றே தட்டையாக்கி, .32 கோல்ட் நியூ போலீஸ் என்று புதுப் பெயர் வைத்தது. .38 எஸ் அண்ட் டபிள்யூ தோட்டா .38 கோல்ட் நியூ போலீஸ் ஆனது. .38 ஸ்பெஷலுக்கும் .38 கோல்ட் ஸ்பெஷல் என்று ஒரு மறுபெயர் கிடைத்தது. உறை அளவில் எந்த மாற்றமும் இல்லை. கடைக்காரர்கள் ஒரே பொருளை இரண்டு பெட்டிகளில் அடுக்க வேண்டியிருந்தது. கோல்ட் வைத்த மூன்று பெயர்களும் காலப்போக்கில் வழக்கொழிந்தன.

கோல்டின் சொந்தப் பெயரும் தப்பவில்லை. ஜான் பிரௌனிங் வடிவமைத்த .45 ஏ.சி.பி. தோட்டாவின் பெயரில் உள்ள ‘சி’ கோல்டைக் குறிக்கும். அமெரிக்கத் தரப் பட்டியலில் அது .45 ஆட்டோமேட்டிக் மட்டுமே. .25, .32, .380 ஆகியவையும் அவ்வாறே. ஐரோப்பாவில் இவற்றுள் சிறிய மூன்றும் பிரௌனிங் பெயரில் விற்கப்படுகின்றன. இந்தக் கூச்சம் இன்றும் தீர்ந்தபாடில்லை. .40 எஸ் அண்ட் டபிள்யூ தோட்டாவுக்கான கிளாக் 22 கைத்துப்பாக்கியின் மேல் .40 என்ற எண் மட்டுமே இருக்கும். ஆனால் கிளாக்கின் வேண்டுகோளால் உருவான தோட்டாவுக்கான கிளாக் 37-இல் .45 ஜி.ஏ.பி. என்று முழுப்பெயரும் இருக்கும். ‘ஜி’ என்பது கிளாக்கின் முதலெழுத்து என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பிரிட்டனில் ரிக்பி நிறுவனம் ஜெர்மானிய 7×57 மாசர் தோட்டாவை .275 ரிக்பி என்று பெயர் மாற்றி விற்றது. அங்கே மாசர் துப்பாக்கிகளை விற்கும் முகவராகவே ரிக்பி இருந்ததால் அது பகையால் வந்த மாற்றம் அன்று. ஆங்கிலேய வாடிக்கையாளருக்கு அங்குலக் கணக்கும் உள்ளூர்ப் பெயரும் பழக்கமானவை என்பதே காரணம். சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக ஜிம் கார்பெட்டுக்கு 1907-இல் பரிசளிக்கப்பட்ட ரைஃபிள் இந்த .275 ரிக்பிதான்.

ஒரே சொல், இரண்டு நிலைகள்: லூகர்

உலகில் மிகப் பரவலாகப் பயன்படும் கைத்துப்பாக்கித் தோட்டா 9×19 மி.மீ. ஆகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் டி.டபிள்யூ.எம். நிறுவனத்தில் பணியாற்றிய கியோர்க் லூகர் இதை உருவாக்கினார். ‘அமைதி வேண்டுமெனில் போருக்கு ஆயத்தமாகு’ என்ற பொருளுடைய இலத்தீன் வாசகத்தின் கடைசிச் சொற்களைக் கொண்டு நிறுவனம் அதற்குப் பாராபெல்லம் என்று பெயரிட்டது. அமெரிக்காவிலோ மக்கள் வடிவமைப்பாளரின் பெயரால் அதை லூகர் என்றே அழைத்தனர்.

1920-களில், ஜெர்மானியத் துப்பாக்கிகளை இறக்குமதி செய்த ஸ்டோகர் நிறுவனம் ‘லூகர்’ என்ற சொல்லை அமெரிக்காவில் தன் வணிகச் சின்னமாக்கிக்கொண்டது. லூகரின் சொந்த நாட்டு உற்பத்தியாளருக்கே அந்தப் பெயர் அங்கே அந்நியமாகிவிட்டது. 1970-களில் மாசர் நிறுவனம் பழைய லூகர் துப்பாக்கியை மீண்டும் செய்து விற்றபோது அதன் பெயர் மாசர் பாராபெல்லம்.

தோட்டாவின் கதை நேர்மாறு. எந்த நிறுவனம் செய்தாலும் அது 9 மி.மீ. லூகர்தான். அமெரிக்கத் தரப் பட்டியலிலும் ஐரோப்பியத் தரப் பட்டியலிலும் அதுவே அதிகாரப்பூர்வப் பெயர். அதாவது, துப்பாக்கியின் மேல் ‘லூகர்’ என்று இருந்தால் அது ஒரு நிறுவனத்தின் சின்னம். தோட்டாவின் அடியில் இருந்தால் அது வெறும் அளவு. சட்ட மாணவர்களுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கடினம்.

சட்டத்தின் பார்வை

வணிகச் சின்னம் ‘இந்தப் பொருளைச் செய்தவர் யார்’ என்ற கேள்விக்குப் பதில். ‘இந்தப் பொருள் என்ன’ என்ற கேள்விக்கான பதிலை எவரும் தனியுடைமையாக்க முடியாது. ஒரு சின்னம் காலப்போக்கில் பொருளின் பொதுப்பெயராகவே ஆகிவிட்டால் உரிமையும் போய்விடும். ஆஸ்பிரின் என்ற பெயரை பேயர் நிறுவனம் அமெரிக்காவில் 1921-இல் இவ்வாறே இழந்தது.

தோட்டாக்களுக்கு இன்னும் நெருக்கமான தீர்ப்பு தையல் இயந்திரத்தைப் பற்றியது. சிங்கர் இயந்திரத்தின் காப்புரிமைகள் காலாவதியான பிறகு மற்றொரு நிறுவனம் அதே போன்ற இயந்திரத்தைச் சிங்கர் என்றே விற்றது. 1896-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், காப்புரிமை முடிந்தவுடன் இயந்திரத்தோடு சேர்ந்து அதன் பெயரும் பொதுமக்களுக்குப் போய்விட்டது என்றது. ஆனால் அதைச் செய்தவர் தாமே என்பதைப் புதிய உற்பத்தியாளர் தெளிவாகக் காட்ட வேண்டும் என்றும் சொன்னது. தோட்டாவின் அடிப்புறத்தைப் பார்த்தால் இதே ஏற்பாட்டைக் காணலாம்: ஒரு பக்கம் தயாரித்தவரின் குறி, மறுபக்கம் அளவின் பெயர். 9 மி.மீ. லூகர் தோட்டாவில் இத்தனையும் சுமார் 10 மி.மீ. விட்டமுள்ள வட்டத்துக்குள் அடங்க வேண்டும்.

காப்புரிமை வேறு, வணிகச் சின்னம் வேறு என்பதையும் கவனிக்க வேண்டும். வின்செஸ்டரின் குட்டை மேக்னம் தோட்டாக்கள் வந்தபோது, துப்பாக்கி எழுத்தாளர் ரிக் ஜேமிசன் அதன் உரிமையாளரான ஓலின் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கு தோட்டாவின் வடிவம் பற்றியது. பெயர் பற்றியது அன்று. காப்புரிமைக்குக் காலவரம்பு உண்டு. சின்னத்தையோ புதுப்பித்துக்கொண்டே போகலாம். பெயரைப் பிடித்து வைத்திருப்பவர்களுக்கு இதுதான் ஆசை.

இந்தியாவின் 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டமும் இதே வழியில் செல்கிறது. பொருளின் வகையையோ தன்மையையோ மட்டும் சொல்லும் குறிகளைப் பதிவு செய்ய 9-ஆம் பிரிவு இடம் தருவதில்லை. ஒரு பொருள் இன்னொன்றோடு பொருந்தும் என்று சொல்வதற்குத் தேவையான அளவில் பிறர் சின்னத்தைப் பயன்படுத்தலாம் என்கிறது 30-ஆம் பிரிவு. காப்புரிமை முடிந்து இரண்டு ஆண்டுகள் கடந்த பின், பொருளுக்கு வேறு நடைமுறைப் பெயரே இல்லாத நிலையைப் பற்றி 36-ஆம் பிரிவு பேசுகிறது. பதிவுக்கான பன்னாட்டு வகைப்பாட்டில் தோட்டாக்கள் 13-ஆம் வகுப்பில் வருகின்றன. சிவகாசிப் பட்டாசுகளுக்கும் அதே வகுப்புதான்.

இந்தியப் படைக்கலத் தொழிற்சாலைகள் இந்தச் சிக்கலை வேறு விதமாகக் கடந்தன. உரிமம் பெற்றவர்களிடம் பரவலாக உள்ள .315 ரைஃபிளின் தோட்டா ஆஸ்திரியாவின் 8×50 மான்லிக்கர் வழி வந்தது. ஆனால் மான்லிக்கர் பெயர் எங்கும் இல்லை. .32 ரிவால்வர் சுடுவது ஸ்மித் அண்ட் வெஸனின் அதே லாங் தோட்டாவைத்தான். இங்கே அதன் பெயர் 7.65×23 மி.மீ. கம்பெனிப் பெயரை நீக்கினால் தகராறு இல்லை, உண்மை. ஆனால் .32 கைத்துப்பாக்கிக்கான தோட்டாவும் .32 என்றே சொல்லப்படுகிறது. அதன் உறை 17 மி.மீ. நீளமே உடையது. கடையில் ‘பாயின்ட் த்ரீ டூ’ என்று மட்டும் கேட்டால், ரிவால்வருக்கா பிஸ்டலுக்கா என்ற மறுகேள்வி வந்தே தீரும்.

விஸ்பரும் பிளாக்அவுட்டும்

தோட்டாக்களுக்குத் தரம் வகுக்கும் அமெரிக்க அமைப்பு 1926-இல் அரசின் வேண்டுகோளின் பேரில் உற்பத்தியாளர்களால் நிறுவப்பட்டது. அதன் ஆங்கிலச் சுருக்கத்தை அங்குள்ளவர்கள் ‘சாமி’ என்றே உச்சரிக்கிறார்கள். தோட்டாவின் அளவுகள், துப்பாக்கி அறையின் அளவுகள், தாங்கக்கூடிய அழுத்தம் ஆகியவற்றை அது வெளியிடும். அந்த வரைபடத்தைப் பார்த்து யார் வேண்டுமானாலும் துப்பாக்கியோ தோட்டாவோ செய்யலாம். ஒருவரின் அனுமதியின்றிச் சொல்லவே முடியாத பெயர் இந்த முறைக்குள் பொருந்தாது.

1990-களின் தொடக்கத்தில் எஸ்.எஸ்.கே. இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தின் ஜே.டி. ஜோன்ஸ், ரெமிங்டனின் .221 ஃபயர்பால் உறையின் வாயை விரித்து அதில் பெரிய குண்டைப் பொருத்தினார். கனமான குண்டு ஒலியின் வேகத்துக்குக் குறைவாகப் பறப்பதால், ஒலி அடக்கியோடு சுடும்போது சத்தம் மிகக் குறைவு. அதனால் ‘கிசுகிசு’ என்று பொருள்படும் விஸ்பர் என்ற பெயரை வைத்து, அதை வணிகச் சின்னமாகவும் ஆக்கினார். .300 விஸ்பர் நல்ல தோட்டா என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் பிறர் அதைச் செய்யும்போது .300 ஃபயர்பால், .300-221 என்று சுற்றி வளைத்துப் பெயரிட்டனர். பெயருக்குப் பெயர் அறையின் அளவும் இம்மியளவு மாறியது. எல்லாரும் பின்பற்றும் ஒரே தரம் உருவாகவில்லை.

ஒலி அடக்கிகள் செய்யும் அட்வான்ஸ்டு ஆர்மமென்ட் நிறுவனத்தை 2009-இல் ரெமிங்டன் வாங்கியது. அந்நிறுவனம் ஏறத்தாழ அதே தோட்டாவை .300 ஏ.ஏ.சி. பிளாக்அவுட் என்ற பெயரில் சாமியிடம் சமர்ப்பித்து, 2011 ஜனவரியில் ஒப்புதல் பெற்றது. தரம் பொதுவானதும் பெரிய நிறுவனங்கள் வரிசையாக வந்தன. முன்னோடி விஸ்பர் வரலாற்றுக் குறிப்பாகவும், பின்னால் வந்த பிளாக்அவுட் கடைச் சரக்காகவும் ஆயின. ஜோன்ஸின் பக்கம் நின்று பார்த்தால் இது அநியாயமாகத் தோன்றலாம். தன் உழைப்பில் உருவானதற்குத் தான் வைத்த பெயரைக் காத்துக்கொள்ள அவருக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அவர் காத்தது பெயரை மட்டுமே. தோட்டா வேறு பெயரில் வெளியே போய்விட்டது.

பெயர் தெளிவாக இருக்க வேண்டியதன் அவசியத்தையும் இதே தோட்டா காட்டியது. .300 பிளாக்அவுட் தோட்டா .223 ரெமிங்டன் தோட்டாவின் அதே மேகசினில் ஏறும். தவறுதலாக .223 துப்பாக்கியில் போட்டுச் சுட்டால், சிறிய குழலுக்குள் பெரிய குண்டு சிக்கித் துப்பாக்கியே வெடித்துச் சிதறும்.

6.5 கிரெண்டல்: விட்டுக்கொடுத்த பெயர்

பழைய ஆங்கிலக் காவியமான பியோவுல்ஃபில் வரும் அரக்கனின் பெயர் கிரெண்டல். அலெக்ஸாண்டர் ஆர்ம்ஸ் நிறுவனத்தின் பில் அலெக்ஸாண்டர் 2003-இல் அறிமுகப்படுத்திய தோட்டாவுக்கு அந்தப் பெயரைச் சூட்டினார். ஏ.ஆர்.-15 வகை ரைஃபிளிலேயே, வழக்கமான .223-ஐ விடத் தொலைவுக்கு ஆற்றலோடு செல்லும் குண்டு என்பது இதன் சிறப்பு. நீண்டு மெலிந்த 6.5 மி.மீ. குண்டு காற்றின் தடையை நன்றாக வெல்லும்.

ஆனால் 6.5 கிரெண்டல் என்ற பெயர் நிறுவனத்தின் வணிகச் சின்னம். உரிமம் பெறாதவர் அதைத் துப்பாக்கியில் பொறிக்க முடியாது. தரக் கட்டுப்பாட்டுக்கு இது உதவும் என்பதில் ஓரளவு நியாயம் உண்டு. புதிய தோட்டாவுக்கு யாரோ அரைகுறையாக அறை வெட்டி விபத்து நேர்ந்தால் கெடுவது தோட்டாவின் பெயர்தானே. ஆனால் சந்தை அப்படி நடந்துகொள்ளவில்லை. லெஸ் பேயர் என்ற புகழ்பெற்ற துப்பாக்கி நிறுவனம், ஏறக்குறைய அதே தோட்டாவுக்கான ரைஃபிளை .264 எல்.பி.சி.-ஏ.ஆர். என்று பெயரிட்டு விற்றது. 6.5 மி.மீ. குண்டின் அங்குல விட்டம் .264, எல்.பி.சி. என்பது லெஸ் பேயர் கஸ்டம் என்பதன் சுருக்கம். மார்லின் வின்செஸ்டருக்குச் செய்ததை நூறாண்டு கழித்து இன்னொருவர் அப்படியே செய்தார்.

இதனால் நஷ்டப்பட்டவர் வாங்கியவரே. இரண்டு பெயர், இரண்டு விதமான அறை அளவுகள். உதிரி போல்ட்டுகளும் 0.125 அங்குலம், 0.136 அங்குலம் என இரண்டு முக ஆழங்களில் வந்தன. ஒன்றின் தோட்டா மற்றொன்றில் போடத்தக்கதா என்ற கேள்விக்குத் தரப் பட்டியலைக் காட்டிப் பதில் சொல்ல முடியவில்லை, ஏனெனில் பட்டியலில் தோட்டாவே இல்லை. அதே காலத்தில் வந்த 6.8 ரெமிங்டன் தோட்டாவைப் பல நிறுவனங்கள் தடையின்றிச் செய்துகொண்டிருந்தன.

கடைசியில் அலெக்ஸாண்டர் ஆர்ம்ஸ் பெயரின் மீதான உரிமையைச் சட்டப்படி விட்டுக்கொடுத்தது. 2011-இல் சாமி 6.5 கிரெண்டலுக்குத் தரம் வகுத்தது. அதன் பிறகு ஹார்னடி முதலிய பெரிய நிறுவனங்களும், மலிவான எஃகு உறைத் தோட்டாக்களை விற்கும் வுல்ஃப் நிறுவனமும் இதை விற்றன. செர்பியாவின் சஸ்தாவா தொழிற்சாலை தன் எம்19 ராணுவ ரைஃபிளையும் இத்தோட்டாவுக்கு ஏற்பச் செய்தது. உருவாக்கிய நிறுவனத்துக்கு ஒவ்வொரு குழலுக்கும் உரிமத் தொகை வராமல் போயிற்று. ஆனால் அது வைத்த பெயரை எவரும் மாற்றவில்லை; .264 எல்.பி.சி. என்ற பெயரைத்தான் இன்று தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இதற்கிடையில் ஹார்னடி 2007-இல் வெளியிட்ட 6.5 கிரீட்மூர் வேறு வழியில் சென்றது. நிறுவனம் தன் பெயரை அதில் ஒட்டவில்லை. கிரீட்மூர் என்பது நியூயார்க்கில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் புகழ்பெற்றிருந்த ஒரு துப்பாக்கி சுடும் மைதானத்தின் பெயர். அதைப் பொறிக்க எந்தப் போட்டியாளருக்கும் கூச்சம் ஏற்படவில்லை.

கிரெண்டலை விட்டுக்கொடுத்த அலெக்ஸாண்டர் ஆர்ம்ஸ், தன் மற்றொரு தோட்டாவான .50 பியோவுல்ஃபின் பெயரை அப்போது விடவில்லை. பிறர் அதே அளவுத் தோட்டாவையும் குழலையும் 12.7×42 மி.மீ. என்ற பெயரில் விற்கத் தொடங்கினர். காவியத்தில் பியோவுல்ஃப்தான் கிரெண்டலைக் கொல்கிறான். கடையிலோ கிரெண்டல் எல்லாப் பெட்டிகளிலும் தன் பெயரோடு இருக்கிறான். பியோவுல்ஃப் பல பெட்டிகளில் வெறும் எண்ணாக இருக்கிறான்.